பெயர் மறைத்த கிண்ணம்

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, ஜிரோந்து என்னும் கழிமுகத்தின் இடக்கரையில், மெடொக் என்னும் நிலப்பகுதி நீண்டு கிடக்கின்றது. பரற்கற்கள் நிறைந்த அம்மண்ணில் மழைநீர் தங்குவதில்லை. கொடிமுந்திரிகையின் வேர் நீரைத் தேடி ஆழச் செல்லும். அங்கே போயாக் என்னும் ஊரிலுள்ள மூட்டோன் ரொட்சில்ட் தோட்டத்தின் செந்நிற வைன் உலகப் புகழ் பெற்றது.

1855ஆம் ஆண்டில், பாரிஸ் மாநகரக் கண்காட்சியை முன்னிட்டு, வணிகத் தரகர்கள் மெடொக்கின் சிறந்த செந்நிற வைன்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தனர். சந்தையில் நெடுங்காலம் நிலவிய விலையே அவர்களுக்கு அளவுகோலாயிற்று. இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்ட மூட்டோன், 1973இலேயே முதலாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. ஆயின், விலையும் வகுப்பும் சுவையைக் காட்டுமா?

வைனை மதிப்பிடுவோர் கண், மூக்கு, நா என்னும் மூன்றையும் அம்முறையே பயன்படுத்துவர். முதலிற் கிண்ணத்தைச் சாய்த்து, வெள்ளைத் துணியின் மேலாக நிறத்தை நோக்குவர். இளம் வைனின் விளிம்பு ஊதா கலந்து தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது செங்கல் நிறமாக மாறும். அடுத்து, கிண்ணத்தை மெல்லச் சுழற்றி, எழும் மணத்தை முகர்வர். ஈற்றில் ஒரு மிடறை வாயிற்கொண்டு நாவெங்கும் பரவவிடுவர். புளிப்பும் துவர்ப்பும் மதுசாரத்தின் வெம்மையும் ஒன்றையொன்று மிஞ்சாது இசைந்து நிற்கின்றனவா என ஆராய்வர். அத்துவர்ப்பு, பால் கலவாத கடுந்தேநீர் நாவை இறுக்குவது போன்றது. பின்னர் வைனை விழுங்காது உமிழ்ந்துவிட்டு, சுவை வாயில் எத்துணை நேரம் நிலைக்கின்றது எனக் கவனிப்பர். பல கிண்ணங்களைச் சோதிப்போரின் அறிவு மயங்காதிருத்தல் வேண்டுமன்றோ!

இத்துணை கவனத்துடன் சோதித்தாலும் தீர்ப்புப் பிழைபடலாம். 2001இல் வெளியான போர்டோ ஆய்வொன்றில், வெள்ளை வைனுக்கு மணமற்ற செஞ்சாயம் ஊட்டி, வைனியல் பயிலும் 54 மாணவரிடம் கொடுத்தனர். அவர்கள் செந்நிற வைனுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தனர். கண் மூக்கை ஏமாற்றிற்று. நிறமே இவ்வாறு மயக்குமெனின், புகழ்பெற்ற பெயர் எத்துணை மயக்கும்!

அப்பெயரை மறைத்து ஒரு சோதனை 1976 மே 24ஆம் நாள் பாரிசில் நடைபெற்றது. ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வைன் வணிகர் அதனை ஒழுங்குசெய்தார். பிரான்சின் நான்கு செந்நிற வைன்களும் கலிபோர்னியாவின் ஆறும் பெயர் தெரியாவாறு வழங்கப்பட்டன. புள்ளியிட்ட நடுவர் ஒன்பதின்மரும் பிரெஞ்சு வல்லுநர்களே. கூட்டிப் பார்த்தபோது, கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பெற்றது. மூட்டோன் 1970 சிறு வேறுபாட்டால் இரண்டாமிடம் பெற்றது. நடுவருள் ஒருவர் தாம் இட்ட புள்ளித்தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார். பிரெஞ்சு வைன் முதிர்ந்தே சிறக்கும் என வாதித்தோரும் உளர். முப்பது ஆண்டுகளின் பின், 2006இல், அதே பழைய வைன்களை மீண்டும் சோதித்தனர். அப்போது முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன.

இதனால் மூட்டோன் தாழ்ந்துவிட்டதெனக் கூறல் பொருந்தாது. பெயரின் துணையின்றியே 1976இல் அது இரண்டாமிடத்தில் நின்றது. அது மெய்யான பெருமை. பரீட்சை விடைத்தாளில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதுவிப்பதும் இக்காரணம் பற்றியே. பெயரை மறைப்பது தகுதியுடையோரை இழிவுபடுத்துவதன்று. அறியப்படாதோருக்கும் நீதி கிடைக்கச் செய்வதேயாகும்.