எரேமியா வாங்கிய காணி



கையில் சிறு சேமிப்பும் வங்கிக் கடனும் மட்டுமே இருக்க, குடியிருக்க வீடு தேடி அலைந்திருக்கிறீர்களா? மலிவாக ஒன்று அகப்பட்டதும் முற்பணத்தைக் கொடுத்துவிட மனம் துடிக்கும்.

சற்றுப் பொறுத்து, எரேமியா 32ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருந்தது. காவலில் இருந்த இறைவாக்கினரோ அனத்தோத்திலிருந்த உறவினரின் நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். போர்க்கால நிலந்தானே என்று அவர் அசட்டையாக இருக்கவில்லை. சாட்சிகளை அழைத்தார், வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார், முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் மட்பாண்டத்தில் வைக்குமாறு பாரூக்கிடம் பணித்தார்.

இடம்பெயர்வுகளில் உறுதிகளைத் தொலைத்த யாழ்ப்பாணத்தாருக்கு அம்மட்பாண்டத்தின் அருமை புரியும். ஆகவே, விலை ஏன் குறைந்ததென்று கேளுங்கள். காணிப் பதிவகத்தில் தேடுவியுங்கள். ஈடு மீட்கப்பட்டதா, வெளிநாட்டிலுள்ள பங்காளர் இசைந்தனரா என நொத்தாரிசிடம் வினவுங்கள். தேசவழமையின்படி பங்குக் காணியை முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கே உண்டு.

இன்னோர் அறைக்காக மகளின் நகையை அடகு வைக்காதீர்கள். அவ்வறையைப் பின்னர் கட்டலாம். வீட்டை ஆசீர்வதிக்க எங்களை அழையுங்கள். சுவருக்குச் சீமெந்து பூசியிராவிட்டாலும் வருவோம்.