வேன் காவல் போதும், உலக முடிவு வரை நடங்கள்!

பாடசாலை விடுமுறை வந்தால் நுவரெலியாவுக்கு வேன் பிடிக்காத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. இரவெல்லாம் கண்விழித்துச் சமைத்து, பார்சல் கட்டி, பிள்ளைகளின் குளிராடைகளைத் தேடி எடுப்பவர்கள் நீங்கள். ஹோர்ட்டன் சமவெளியை அடைந்ததும் மற்றவர்கள் நடக்கப் புறப்பட, சாப்பாட்டுச் சட்டிகளுக்குக் காவலாக வேனிலேயே உட்கார்ந்துவிடுபவர்களும் நீங்கள்தானே? சகோதரிகளே, இம்முறை வேனைப் பூட்டிவிட்டு இறங்குங்கள். சட்டிகளை யாரும் தூக்கிச் செல்லமாட்டார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே விரிந்து கிடக்கும் இச்சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. நம்மில் பலரது வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் இந்த மலைகளுக்கும் உறவுண்டு.

இங்குள்ள நிறங்களை வேனின் கண்ணாடி வழியாகப் பார்த்து முடிக்க முடியாது. புல்வெளி பொன்மஞ்சளாக அசையும். அதன் ஓரத்தில் கரும்பச்சைக் காடு. மரக் கொழுந்துகள் செம்மை பூசியிருக்கும். மஹ ரத்மல் மரம் இரத்தச் சிவப்பில் பூக்கும். நெலுச் செடிகளோ பல ஆண்டுகள் பூக்காமலே நிற்கும். சில வகைகள் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பூத்து, காட்டையே ஊதாவாக்கிவிட்டு மடிந்துபோகும். அந்த ஆண்டு வாய்த்தால் தவறவிடாதீர்கள்.

சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். மூன்று, நான்கு மணித்தியாலங்கள் எடுக்கும். சுபஹ் தொழுதவுடன் நுவரெலியாவிலிருந்து புறப்படுங்கள். காலை பத்து மணிக்குள் முகில் ஏறிவிட்டால் உலக முடிவில் வெள்ளைத் திரை ஒன்றையே காண்பீர்கள். தெளிந்த காலையிலோ, காலடியில் சுமார் 870 மீற்றர் ஆழம்! கீழே தேயிலைத் தோட்டங்கள் கைக்குட்டையளவில் தெரியும். அங்கே பிள்ளைகளின் கையை ஒரு கணமும் விடக்கூடாது.

முழங்கால் வலியுள்ள மூத்தம்மாமார் சின்ன உலக முடிவு வரை நடந்து திரும்பினாலும் போதுமானது. சறுக்காத சப்பாத்து அவசியம். பாதையில் சேறு இருக்கும், ஹபாயாவின் விளிம்பைச் சற்று உயர்த்தித் தைத்துக்கொள்வது நல்லது.

சோற்றுப் பார்சலை லஞ்ச் ஷீட்டில் கட்டாதீர்கள். வாயிலிலேயே பைகளைச் சோதித்து, பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பொலித்தீனைத் தின்று மரைகள் இறந்திருக்கின்றன என்பதை அறிந்தால் முணுமுணுக்க மனம் வராது. மூடியுள்ள பாத்திரமே சிறந்தது. மரை எவ்வளவு சாதுவாக அருகே வந்து நின்றாலும் பிள்ளைகள் அதற்கு எதையும் ஊட்ட வேண்டாம்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. பெலிஹுல் ஓயா சுமார் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அங்கே குளிக்க இறங்காதீர்கள். அருவியிலிருந்து மேலே ஏறும் படிகள்தாம் இந்த நடையிலேயே மூச்சு வாங்கும் இடம். வாப்பாமாரும் அங்கே நின்று நின்றுதான் ஏறுவார்கள்.