தென்கயிலைக்குப் புறப்படுமுன்

தை பிறந்துவிட்டால் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் இரண்டு யாத்திரைகளைப் பற்றிய பேச்சு எழும். ஒன்று, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. மற்றொன்று, அது முடிந்த கையோடு வரும் வெள்ளியங்கிரி. வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எண்ணுவதுண்டு. “பழனிக்கே நடந்தவனுக்கு இது என்ன பெரிது?” என்ற சொல் பல இல்லங்களில் கேட்கும்.

இரண்டும் ஒன்றல்ல. பழனிச் சாலையில் அடிக்கொரு அன்னதானப் பந்தல் உண்டு. கால் வலித்தால் கைகாட்ட ஒரு பேருந்து உண்டு. மலையடி சேர்ந்த பின்னும் 693 படிகளை ஏற இயலாதவர்க்கு விஞ்சும் ரோப்காரும் காத்திருக்கின்றன. வெள்ளியங்கிரியிலோ பூண்டி அடிவாரத்தோடு வாகனம் நின்றுவிடுகிறது. அதற்குமேல் கால்கள்தாம். கால்கள் மறுத்துவிட்டால் டோலி கட்டித் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும்.

கோவைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறார் வெள்ளியங்கிரி ஆண்டவர். கயிலைக்குச் செல்ல இயலாதோர்க்கு இதுவே தென்கயிலை என்பது கொங்கு நாட்டின் நம்பிக்கை. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். எண்ணிக்கையில் சிறிதுதான், திருப்பூரில் புஷ்பா தியேட்டர் பக்கமிருந்து வீட்டுக்கு நடக்கும் தொலைவு என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஏழு மலைகள் அடங்கியிருக்கின்றன. வலுவுள்ள இளைஞர் ஏறுவதற்கே நான்கைந்து மணி நேரம் ஆகும். அறுபதைக் கடந்தவர்க்கு அதைப்போல் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ ஆகலாம். பிறகு அதே வழியில் இறங்கவும் வேண்டும். ஏறும்போது சோதிக்கப்படுவது மூச்சு; இறங்கும்போது முழங்கால்.

முதல் மலையே செங்குத்தான படிகள். அதன் முடிவில் வெள்ளைப் பிள்ளையார் வீற்றிருக்கிறார். அடுத்து வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஒட்டர் சமாதி, பீமன் களியுருண்டை என்று தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பெயர்கள். ஆறாம் மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கும் வழி களைத்த கால்களுக்கு இதமாக இருக்கும். திரும்புகையில் அதுவே ஏற்றமாக நிற்கும் என்பதைப் பலரும் அப்போது நினைப்பதில்லை. சுனையைக் கடந்தால் ஏழாம் மலை. பனியும் காற்றும் எலும்பைத் தொடும் இடம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை மலையேற இசைவு தருகிறது. மகாசிவராத்திரியிலும் சித்ரா பௌர்ணமியிலும் கூட்டம் பெருகும். திருப்பூர்க்காரர்களுக்கு இதில் தனியொரு சிக்கல் இருக்கிறது. சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு விடுமுறை. கட்டிங் மேசையிலும் ஓவர்லாக் தையலிலும் வாரம் முழுதும் உழைத்தவர்கள், சனி மாலை சம்பளத்தை வாங்கியதும் வேன் ஏறுகிறார்கள். வீட்டிலிருக்கும் அப்பாவையும் “வாங்க, சேர்ந்தே போய்விட்டு வருவோம்” என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவிநாசி வழியாகக் கோவை, பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் என்று 90 கிலோமீட்டர் கடந்து பூண்டி சேரும்போது இரவு பத்து மணி. வெயிலுக்கு அஞ்சி அப்போதே ஏறத் தொடங்குகிறார்கள். இளைஞருக்கு அது ஓர் இரவுத் தூக்கம் போயிற்று என்ற அளவோடு முடியும். எழுபதை நெருங்கும் இதயத்துக்கு அப்படியல்ல.

2024-ஆம் ஆண்டுப் பருவம் இதைக் கடுமையாக உணர்த்தியது. மார்ச் மாதத்தில் அடுத்தடுத்துப் பக்தர்கள் மலையிலேயே மயங்கி விழுந்து உயிர் நீத்தனர். அவர்களுள் முதியவர்கள் மட்டுமல்லர், நாற்பது வயதை எட்டாதவர்களும் இருந்தனர். இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மலையேற்றத்தைத் தவிர்க்க வேண்டும், ஏறுபவர்கள் உடற்பரிசோதனை செய்துகொண்டு குழுவாக வர வேண்டும் என்று வனத்துறை அறிவுறுத்தியது.

“ஆண்டவன் சந்நிதியில் உயிர் போனால் அதைவிடப் பேறு உண்டா?” என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பக்தியில் தோய்ந்த சொல்தான். மறுப்பதற்கு நா எழாது. ஆயினும் அந்தச் சொல் தம் ஒருவரைப் பற்றியது மட்டுமன்று. இருட்டில், வழுக்கும் பாறையில், ஓர் உடலைத் தோளில் தாங்கி இறங்குபவர்களின் கால் தவறினால் யார் பொறுப்பு? “நான்தானே தாத்தாவை அழைத்துப் போனேன்” என்று ஆயுள் முழுதும் மருகும் பேரனுக்கு யார் ஆறுதல் சொல்வது? ஆகவே போவதா வேண்டாமா என்பதை மூன்றாம் மலையில் நள்ளிரவு இரண்டு மணிக்கு முடிவு செய்யக் கூடாது. வீட்டுக் கூடத்தில், தை மாதத்திலேயே, மருத்துவர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவர் இசைந்தால் அடுத்த வேலை பயிற்சி. அதற்குத் திருப்பூர் வட்டாரத்தில் மலைக்கோயில்களுக்குக் குறைவில்லை. காங்கேயம் அருகே சிவன்மலையில் வண்டிப்பாதையை விட்டுப் படி வழியே ஏறலாம். அது எளிதாகக் கைவந்தபின் சென்னிமலையின் 1,320 படிகள். அதற்கடுத்து ஊதியூர். உத்தண்ட வேலாயுதசுவாமியை வணங்கி, கொங்கணச் சித்தர் தவம் செய்ததாகக் கூறப்படும் குகை வரை சென்று திரும்பினால், கரடுமுரடான பாதையில் கால் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரிந்துவிடும். வாரம் ஒரு மலையாக இரண்டு மாதம் ஏறினால் முருகன் தரிசனமும் கிட்டும், உடலின் உண்மையும் விளங்கும். சென்னிமலையை ஏறி இறங்கிய மறுநாள் காலையில் முழங்கால் மடங்க மறுத்தால், அதுவே தெளிவான விடை.

நாள் குறிப்பதில் கண்டிப்பு வேண்டும். முதியவர் உடன் வருவதானால் சனி இரவைத் தவிர்த்து வார நாளொன்றில் ஒருவர் விடுப்பு எடுப்பதே முறை. முந்தைய நாளே கோவைக்கு வந்து நன்றாக உறங்கிவிட்டு ஏறுவது நலம். அன்றாட மாத்திரைகளை விரதத்தின் பெயரால் நிறுத்தக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களை அனுமதித்த மருத்துவரிடம், பல மணி நேரம் நடக்கும் அன்று மருந்தளவு மாற வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது அவசியம். சட்டைப் பையில் கற்கண்டு, தோள்பையில் கம்பளி, டார்ச் விளக்கு, கையில் அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடி ஆகியவை போதும். பிளாஸ்டிக் உறைகளை அடிவாரத்திலேயே சோதித்து அகற்றிவிடுவார்கள். யானைகள் நடமாடும் காடு என்பதால் கூட்டத்தை விட்டுத் தனியே ஒதுங்குதல் ஆகாது. செல்போனை நம்பி, வழியில் பேசிக்கொள்ளலாம் என்று பிரிந்து செல்லவும் கூடாது. குழுவில் மெதுவாக நடப்பவர் எவரோ, அவரே முன்னால் நடக்கட்டும்.

இன்னொன்றையும் புறப்படுமுன் பேசி வைக்க வேண்டும். வெள்ளைப் பிள்ளையாரை அடையும்போது மார்பு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, அமர்ந்த பின்னும் மூச்சு அடங்காவிட்டாலோ, அங்கேயே தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்புவது என்பதே அந்தப் பேச்சு. அவரைத் தனியே அனுப்பாமல் உடன் இறங்குபவர் யார் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அந்த நேரத்தில் எல்லோரும் மேலே பார்ப்பார்கள்.

திரும்பினால் வேண்டுதல் பொய்த்துவிடுமோ என்ற அச்சம் முதியோர் பலருக்கு உண்டு. ஏழாம் மலையில் இருப்பவரே பூண்டி அடிவாரத்திலும் வெள்ளியங்கிரி ஆண்டவராக, மனோன்மணி அம்மனுடன் கோயில் கொண்டிருக்கிறார். மலைப்பாதை மூடிக்கிடக்கும் மாதங்களிலும் இங்கே வழிபாடு நிற்பதில்லை. மலையேறுவோர் அனைவரும் முதலில் இங்கே வணங்கி உத்தரவு பெற்றே படியில் கால் வைக்கிறார்கள். மேலே செல்ல இயலாத பெரியவர், வரும் வழியில் பேரூர்ப் பட்டீசுவரரைத் தரிசித்து, பூண்டியில் அபிஷேகம் கண்டு, பிள்ளைகள் இறங்கி வரும்வரை ஐந்தெழுத்தை ஓதி அமர்ந்திருந்தால், அதில் என்ன குறை இருக்க முடியும்?

மலையேறிய மூங்கில் தடியை வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அறையில் வைப்பது கொங்கு வட்டாரத்தில் வழக்கம். பல இல்லங்களில் பத்து, பதினைந்து தடிகள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அடுத்த பருவத்தில் அவற்றில் ஒன்றைத் துடைத்துப் பேரன் கையில் கொடுக்க, தாத்தா அடிவாரம் வரை உடன் வரலாம்.