சாட்சியத்திற்கு முன் சிகிச்சை: பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தைகளுக்கான உளநல ஆதரவு

முன்னுரை

பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தை நலம் பெறவும் வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் வேண்டும். முதலாவதை நாடினால் இரண்டாவது கெடும் என்ற அச்சத்தால், சாட்சியம் பதிவாகும்வரை உளநலச் சிகிச்சை தள்ளிப்போடப்படுவதுண்டு. இவ்வச்சம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைச் சிகிச்சைமுறையின் அமைப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டத்தின் நிலை

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், சிறப்பு நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாள்களுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும் என்றும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்றும் கூறுகிறது (பிரிவு 35). நடைமுறையில் இக்கெடு கடக்கும்போது, சிகிச்சைக்கான காத்திருப்பும் அதனுடன் நீள்கிறது. ஆனால், இச்சட்டத்தின் எப்பிரிவும் சாட்சியத்திற்கு முந்தைய சிகிச்சையைத் தடைசெய்யவில்லை. மாறாக, விசாரணைக்கு முன்பும் விசாரணையின்போதும் உளவியல், சமூகப்பணி வல்லுநர்களின் உதவி குழந்தைக்குக் கிடைக்க வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு பிரிவு 39 மாநில அரசைப் பணிக்கிறது. 2020ஆம் ஆண்டின் விதிகள், குழந்தைகள் நலக்குழு ஆதரவு நபரை அமர்த்தவும், முதல் தகவல் அறிக்கை பதிவானபின் எந்நிலையிலும் இடைக்கால இழப்பீடு பெறவும் வழிசெய்கின்றன.

அச்சத்தின் அடிப்படை

இவ்வச்சம் அடிப்படையற்றதன்று. 1980களில் கலிஃபோர்னியாவில் எழுந்த மக்மார்ட்டின் பாலர்பள்ளி வழக்கில், விடையை உணர்த்தும் கேள்விகளால் குழந்தைகளின் கூற்றுகள் நம்பகம் இழந்தன; 1990இல் அவ்வழக்கு எவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. எனினும், அங்குப் பழுதானது உண்மையறியும் நோக்கில் நடந்த நேர்காணல். சிகிச்சையின் நோக்கம் அதுவன்று.

சிகிச்சையின் படிநிலைகள்

ஜூடித் கோகன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்லிங்கர் ஆகியோர் உருவாக்கிய மனவடு சார்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகளில் மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் குழந்தை மூச்சுப்பயிற்சி, உடல்தளர்வு, உணர்வுகளுக்குப் பெயரிடல், அச்சமூட்டும் எண்ணங்களைக் கையாளல் ஆகியவற்றைக் கற்கிறது. குற்றத்தில் தொடர்பற்ற பெற்றோருக்கும் இணையாகப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 'நம் மானம் போயிற்று' என்னும் வீட்டுப்பேச்சு குழந்தையின் குற்றவுணர்வை வளர்ப்பதால் இப்பயிற்சி இன்றியமையாதது. நடந்ததைக் குழந்தை சிறிது சிறிதாகச் சொல்வது இரண்டாம் கட்டத்தில்தான். மூன்றாம் கட்டம் பெற்றோருடனான கூட்டு அமர்வுகளையும் எதிர்காலப் பாதுகாப்பையும் கொண்டது.

ஆகவே, நினைவு மாறும் என்னும் வாதம் முதற்கட்டத்திற்குப் பொருந்தாது. தூக்கமின்மை, திடுக்கிடல், தன்னையே பழித்தல் ஆகியவற்றைத் தணிக்கும் இக்கட்டத்தில் நிகழ்வை விவரிக்கச் சொல்ல வேண்டிய தேவையில்லை. குறுக்கு விசாரணையை எதிர்கொள்ளும் மனத்திடமும் இதனால் கூடும். இரண்டாம் கட்டத்தில்தான் தனிக்கவனம் தேவை: சிகிச்சையாளர் விடையை உணர்த்தும் கேள்விகளைத் தவிர்த்தல், குழந்தையின் சொற்களை மாற்றாமல் குறித்தல், புலனாய்வுப் பணியை ஏற்காதிருத்தல். புதிய குற்றம் தெரியவந்தால் அதனைத் தெரிவிக்கும் கடமை பிரிவு 19இன்படி உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே குழந்தைக்குப் புரியும்படி கூறுதலும் வேண்டும்.

முடிவுரை

சிகிச்சையா சாட்சியமா என்னும் எதிர்நிலை, சிகிச்சையை 'நடந்ததைச் சொல்லவைத்தல்' என்று மட்டும் கருதுவதால் எழுகிறது. அதன் முதற்கட்டத்தை வழக்குப் பதிவான நாளிலிருந்தே தொடங்கலாம். வளரும் பருவத்தில் இழக்கப்படும் மாதங்களை வழக்கின் தீர்ப்பு மீட்டுத் தராது.