முகவரிப் படலம் – 14: வாடகை எட்டுக்கு, கையில் ஐந்து

சென்ற வாரம் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஃபால்கன்ஸ்டைன் வரை வந்துவிட்டோம். ஹெட்ஸ்னர் டேட்டா சென்டரில் ஒரு சர்வர், அதற்குக் கூடுதலாக வாங்கிய ஸ்லாஷ் 29 தொகுதி.

ஸ்லாஷ் 29 என்றால் எட்டு ஐபி முகவரிகள். எழுதிக் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசையிலிருந்து 198.51.100.8 முதல் 15 வரை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகக் கணக்கு இது: 8 தொகுதியின் பெயர், தொடக்கூடாது. 15 எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே நேரத்தில் தண்டோரா போட, அதையும் தொடக்கூடாது. கேட்வேக்கு ஒன்று. மிச்சம் ஐந்து. எட்டுக்கு வாடகை கட்டிவிட்டு ஐந்தோடு நின்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. ஐரோப்பாவுக்கு முகவரி பங்கிடும் ஆம்ஸ்டர்டாமின் ரைப் என்சிசி, 2019 நவம்பர் 25 அன்று கையிருப்பைத் துடைத்துக் கொடுத்து முடித்தது. அதன்பின் காத்திருப்போர் பட்டியல்தான்: பழையது திரும்பி வந்தால் 256 முகவரி கொண்ட ஒரு தொகுதி கிடைக்கும். அப்படிப்பட்ட பொருளில் எட்டுக்கு மூன்றை வீணடிக்கலாமா?

தண்டோராவுக்குக் கடைசி முகவரி போவது சரி. முதல் முகவரி ஏன் போகிறது? இந்த வாரம் முழுக்க இதன் பின்னால்தான் அலைந்தேன். 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி, தண்டோராவுக்கு முதல் முகவரியைத்தான் பயன்படுத்தியது. அப்போது தரநிலை எதுவும் வரவில்லை, அவர்கள்மேல் குற்றமில்லை. 1984 அக்டோபரில் ஜெஃப்ரி மோகல் எழுதிய ஆர்எஃப்சி 919, கடைசி முகவரிதான் தண்டோராவுக்கு என்று வகுத்தது. 4.3 பிஎஸ்டி திருந்திக்கொண்டது. ஆனால் பழைய இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தனவே! அதனால் 1989இல் வந்த ஆர்எஃப்சி 1122, முதல் முகவரிக்கு வருவதையும் தண்டோராவாக ஏற்றுக்கொள்ளச் சொன்னது, 4.2 பிஎஸ்டியின் பெயரையே குறிப்பிட்டு. அந்த இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போய்ப் பல காலமாயிற்று. அவற்றுக்காக ஒதுக்கிய முகவரி மட்டும் உலகெங்கும், ஒவ்வொரு சப்நெட்டிலும் பூட்டியே கிடந்தது.

அதைத் திறக்கப் புறப்பட்டவர்கள் ஜான் கில்மோரும் சேத் ஷோனும். ஷோன் எழுதிய சின்னத் திருத்தம் 2021 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 5.14இல் சேர்ந்தது. அன்றிலிருந்து லினக்ஸுக்கு முதல் முகவரியும் மற்றவை போல ஒன்றுதான். படித்தபோது எழுந்து நின்று கை தட்டத் தோன்றியது. இதே சிக்கன வழியில் 2000த்தின் கடைசியில் வந்த ஆர்எஃப்சி 3021ஐயும் சொல்ல வேண்டும். இரண்டு ரூட்டர்களை இணைக்க நான்கு முகவரி எதற்கு, இரண்டு போதும் என்றது அது.

ஃபால்கன்ஸ்டைனுக்கு வருவோம். அங்கே நிலைமை இன்னும் நல்லது. ஹெட்ஸ்னர் இந்தத் தொகுதியை உங்கள் சர்வரின் முதன்மை முகவரிக்கே நேராக ரூட் செய்துவிடுகிறது. 198.51.100.15 யாரிடம் இருக்கிறது என்று கேட்டு டேட்டா சென்டர் கேபிளில் யாரும் கூவுவதில்லை. எட்டுக்கும் வருகிற பாக்கெட்டுகள் உங்கள் வாசலில் வந்து விழும். தொகுதிக்கெனத் தனி கேட்வே தேவையில்லை, தண்டோராவும் தேவையில்லை. எட்டும் உங்களுடையவை.

கெடுப்பது நாம் எழுதும் மாஸ்க்தான். பழக்கதோஷத்தில் 255.255.255.248 என்று எழுதினால், கெர்னல் தானாகவே 15ஐத் தண்டோராவுக்கு எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முகவரியையும் 255.255.255.255 என்று தனித்தனியாகச் சேருங்கள். மொத்தமாக வேண்டுமென்றால், தொகுதி முழுவதையும் லோக்கல் ரூட்டாக லூப்பேக்கின் மேல் ஒரே வரியில் வைத்துவிடலாம். பிறகு ‘ஐபி ரூட் ஷோ டேபிள் லோக்கல்’ கட்டளையைத் தட்டிப் பாருங்கள். ‘பிராட்காஸ்ட்’ என்று தொடங்கும் வரியில் 15 தெரிந்தால், அது இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் தொகுதி 0இல் தொடங்கினாலோ 255இல் முடிந்தாலோ, அந்த முகவரியில் வாடிக்கையாளர் வந்து சேரும் தளத்தை வைக்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து இயந்திரங்கள் சில வரிசைகளில் அப்படி முடியும் முகவரிகளோடு பேச மறுத்தன. அதே பயத்தில் யாரோ என்றோ எழுதிவைத்த ஃபயர்வால் விதிகள் இன்னும் எங்காவது இருக்கலாம். மானிட்டரிங் போன்ற உள்வேலைகளுக்கு அந்த முகவரிகள் தாராளமாகப் போதும்.

இந்த எட்டையும் எட்டு விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பெர்க்லி இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெறும் பிரிட்ஜ் போட்டு, பதிவில்லாத மேக் முகவரியிலிருந்து பாக்கெட் அனுப்பினால் ஹெட்ஸ்னரில் எச்சரிக்கைக் கடிதம் வரும். ஆகவே அங்கும் ரூட்டிங்தான் வழி. அதற்கான வரிகளை ஒவ்வொன்றாக அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)