செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர்: 45,000 கொடுத்து வாங்கினா, செலவு 45,000 மட்டும்தானா?

ஒரு கணக்கோட ஆரம்பிப்போம். வீடு அன்னவாசல்ல, வேலை புதுக்கோட்டையில. ஒரு வழி 18 கி.மீ.ன்னு வெச்சுக்கலாம். மாசம் 25 நாள் வேலைன்னா 900 கி.மீ. சம்பளம் 20,000 ரூபாய். பஸ்ஸுக்குக் காத்திருந்து லேட் ஆகுதுன்னு ஐந்தாறு வருஷப் பழைய ஸ்கூட்டர் ஒன்றை 45,000-க்குப் பேசி முடிக்கிறீங்க. (பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே இல்லை என்பதால், அந்த பஸ் உங்க ரூட்ல சரியான நேரத்துக்கு வந்தா இந்தக் கணக்கே மாறிடும். அதையும் யோசிங்க.)

கையில பணம் இல்லை, ஃபைனான்ஸ் போடுறீங்க. "வெறும் 12 பர்சன்ட்தான் சார்" என்பார்கள். அது ஃப்ளாட் ரேட்டான்னு கேளுங்க. 45,000-க்கு ஃப்ளாட்டா 12%, இரண்டு வருஷத்துக்கு வட்டி 10,800. இ.எம்.ஐ. 2,325. நீங்க மாசாமாசம் அசலைக் கட்டிக்கிட்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு 45,000-க்கும் ஓடும். பேங்க் சொல்ற குறையும் வட்டி முறையில பார்த்தா இது ஏறக்குறைய 21.5%. ஆறு மாசம் பொறுத்து, பாதிப் பணமாவது சேர்த்துட்டு வாங்கலாமான்னு பாருங்க.

பெட்ரோல்: லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தா மாசம் 20 லிட்டர், சுமார் 2,000 ரூபாய். இதுவரைக்கும் எல்லோரும் கணக்குப் போடுவாங்க. அடுத்த வரியைத்தான் யாரும் எழுதுறதில்லை.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்

கம்பெனிக் கணக்குல 'புரொவிஷன்'னு ஒன்று உண்டு. வரப்போகிற செலவுன்னு தெரிஞ்சா, பில் வர்றதுக்கு முன்னாடியே அதுக்குப் பணம் ஒதுக்கிடணும். ஸ்கூட்டருக்கும் அப்படித்தான். நான் போடுற தோராயக் கணக்கு இது: எஞ்சின் ஆயில், 3,000 கி.மீ.க்கு 500 ரூபாய்னா கிலோமீட்டருக்கு 17 பைசா. இரண்டு டயரும் 20,000 கி.மீ. ஓடினா 16 பைசா. பெல்ட், ரோலர் 10 பைசா. பிரேக் ஷூ 7. ஏர் ஃபில்டரும் பிளக்கும் 5. பேட்டரி 4. மொத்தம் 59 பைசா. பஞ்சர், கேபிள், பல்பு, எதிர்பாராத வேலைன்னு 41 பைசா சேர்த்தா ஒரு ரூபாய். உங்களுக்கு மாசம் 900 ரூபாய். சம்பளம் வந்த அன்னைக்கே தனி அக்கவுண்ட்ல போட்டுடுங்க.

ஆக இ.எம்.ஐ. 2,325 + பெட்ரோல் 2,000 + புரொவிஷன் 900 = 5,225. சம்பளத்துல கால் பங்குக்கு மேல. இது தாங்கும்னா மட்டும் மேல படிங்க!

விலை பேசும்போது ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரைக்குமான புது டூ வீலருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆச்சு. ஜி.எஸ்.டி.யோட 80,000 விலை இருந்த வண்டி, அந்தக் குறைப்பை அப்படியே கொடுத்தா 73,750. புதுசு இறங்கினா பழசும் இறங்கணும் இல்லையா? இதைச் சொல்லித் தயங்காம பேரம் பேசுங்க.

மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி

ஸ்கூட்டர் ரிப்பேர்ல பணம் போறது பெரும்பாலும் தப்பான பார்ட்டை மாத்துறதால. அதனால அறிகுறியைப் படிக்கக் கத்துக்கோங்க.

காலையில செல்ஃப் எடுக்கலை, டக் டக்னு சத்தம், ஹாரனும் மெலிசா கேட்குது. உடனே "புது பேட்டரி போட்டுடலாம்" என்பார்கள். முதல்ல டெர்மினல்ல துரு இருக்கான்னு பாருங்க. அப்புறம் மல்டிமீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. எஞ்சின் அணைஞ்சிருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேல இருந்தா பேட்டரியில சார்ஜ் இருக்கு. எஞ்சின் ஓடும்போது ஆக்சிலேட்டர் கொஞ்சம் கொடுத்தா 13.5 முதல் 14.5 வரை ஏறணும். ஏறலைன்னா கோளாறு சார்ஜிங்ல. ரெகுலேட்டரைப் பார்க்காம புது பேட்டரி போட்டா, அதுவும் சில நாள்ல படுத்துடும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 ஸ்கூட்டர்கள்ல ஃபியூல் இன்ஜெக்ஷன். பெட்ரோலை உள்ளே அனுப்பவே கரண்ட் வேணும். பழைய கார்ப்பரேட்டர் வண்டி மாதிரி, பேட்டரி செத்தாலும் கிக்கரை நம்பி ஓட்டலாம்னு நினைக்காதீங்க.

முறுக்கினா எஞ்சின் இரையுது, வண்டி இழுக்கலை. இது பெரும்பாலும் பெல்ட் அல்லது ரோலர். ஸ்கூட்டர்ல செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகுது. 20,000 கி.மீ. தாண்டின வண்டின்னா, பெல்ட் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா அந்தச் செலவை விலையில கழிச்சுடுங்க. ராத்திரி சித்தன்னவாசல் பக்கத்துல பெல்ட் அறுந்தா, தள்ளிக்கிட்டுத்தான் வரணும். கிளம்பும்போது மட்டும் வண்டி அதிர்ந்தா அது வேற. கிளட்ச்ல தூசி படிஞ்சிருக்கலாம், சுத்தம் பண்ணினாலே சரியாகிற வாய்ப்பு உண்டு.

மைலேஜ் குறைஞ்சா, காசே செலவில்லாத சோதனை ஒன்று இருக்கு. எஞ்சினை அணைச்சு, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைக் கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா பிரேக் பிடிச்சுக்கிட்டிருக்கு. டயர்ல காத்து சரியா இருக்கான்னும் பாருங்க. அதுக்கப்புறம்தான் ஏர் ஃபில்டர். நம்ம ஊர் செம்மண் தூசியில அது சீக்கிரம் அடைக்கும். ஆக்டிவா மாதிரி வண்டிகள்ல வர்ற எண்ணெய் தடவின பேப்பர் ஃபில்டரைக் காத்தடிச்சு சுத்தம் பண்ணக் கூடாது, மாத்தணும். இன்னொன்று: எஞ்சின் ஆயில் வேற, பின்பக்க கியர் ஆயில் வேற. இரண்டாவதைப் பல பேர் மாத்துறதே இல்லை.

சைலன்சர்ல நீலப் புகை வந்தா எஞ்சின் ஆயிலை எரிக்குதுன்னு அர்த்தம். வாங்கப் போற வண்டின்னா திரும்பி வந்துடுங்க. ஏற்கனவே உங்க வண்டின்னா எஸ்டிமேட் கேளுங்க. வண்டி இன்னைக்கு விற்கிற விலையில மூன்றில் ஒரு பங்குக்கு மேல போனா, விற்கிறதுதான் நல்லது என்பது என் கருத்து. "போன மாசம்தான் 4,000 செலவு பண்ணேன்" என்பது காரணம் இல்லை. அந்த 4,000 போயாச்சு, ரிப்பேர் பண்ணினாலும் திரும்பி வராது.

பேர் மாத்தாத ஆர்.சி.

இதுவரை சொன்னது ஆயிரக்கணக்குல. இது லட்சக்கணக்குல. "வண்டி ஓடுதுல்ல, பேரை அப்புறம் மாத்திக்கலாம்"னு விடுறவங்க நிறைய. வண்டி இன்சூரன்ஸோட வர்ற ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். அது ஆர்.சி.யிலயும் பாலிசியிலயும் பேர் இருக்கிறவருக்குத்தான். ஆர்.சி. பழைய ஓனர் பேர்லயே இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆனா, உங்க வீட்டுக்கு அந்தப் பணம் வராது.

விற்கிறவருக்கும் ஆபத்து உண்டு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல, ஒரு கார் அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பேர்லயே இருந்தது. விபத்து நடந்தப்ப, சட்டப்படி ஓனர் ஆர்.சி.யில பேர் இருக்கிறவர்தான், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதுதான்னு 2018 பிப்ரவரி 6-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்கிறவர் பேர் மாத்தச் சோம்பல்பட்டா, இதைக் காட்டுங்க.

இன்சூரன்ஸ் "அஞ்சு வருஷத்துக்கு இருக்கு" என்பார்கள். 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலருக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம்தான். ஆனா ஐந்து வருஷம் தாண்டின வண்டிக்கு அதுவும் முடிஞ்சிருக்கும். எம்-பரிவாஹன் ஆப்ல நம்பர் போட்டுப் பாருங்க, கடன் பாக்கி இருக்கான்னும் தெரியும். 75 முதல் 150 சி.சி. வரை ஒரு வருஷ தேர்ட் பார்ட்டி 2022 ஜூன் கட்டணப்படி 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அது இல்லாம முதல் தடவை பிடிபட்டா அபராதம் 2,000. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதை விலையில சேர்க்க விடாதீங்க.

பணம் கொடுக்கிற அன்னைக்கே படிவம் 29, 30-ல கையெழுத்து வாங்குங்க. கடன் இருந்த வண்டின்னா படிவம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும் வேணும். பாலிசியை உங்க பேருக்கு மாத்த, வாங்கின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதணும். ஆர்.சி. உங்க பேருக்கு வர்ற வரைக்கும் 3,000 ரூபாயாவது பிடிச்சு வெச்சுக்கோங்க. அதை முன்னாடியே பேசி, பேப்பர்ல எழுதிடுங்க.