நிறம் அறியாத ஊர்

பசி இல்லை, பிணி இல்லை, களவு இல்லை, சண்டை இல்லை. கடுங்குளிரும் கொடுவெயிலும் அவ்வூரின் எல்லைக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை, ஒரு பெண்பிள்ளை. அவ்விருவரையும் அந்த வீட்டுத் தாய் பெற்றவளல்லள். பிள்ளை பெறுவதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட பெண்கள் ஆளுக்கு மூன்று குழந்தைகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, எஞ்சிய காலமெல்லாம் கூலிவேலை செய்வர். விண்ணப்பஞ் செய்து காத்திருக்கும் தம்பதிகளுக்கு அக்குழந்தைகள் பெயரிட்டுக் கையளிக்கப்படும். ஒன்பதாம் வயதிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் துவிச்சக்கரவண்டி கிடைக்கும். பன்னிரண்டாம் வயதிலே வாழ்நாள் முழுவதும் செய்யவேண்டிய தொழில் கிடைக்கும். இன்ன பிள்ளைக்கு இன்ன தொழில் என்று தீர்மானிப்பது முதியோர் சபை. காலை உணவின்போது ஒவ்வொருவரும் தாம் இரவில் கண்ட கனவை எடுத்துரைக்க வேண்டும். இராப்போசனத்தின்போது அன்று மனத்தில் எழுந்த உணர்ச்சியை எடுத்துரைக்க வேண்டும். பிழை செய்தவர் மன்னிப்புக் கேட்பார்; மற்றவர் மன்னிப்பார். எல்லாம் ஒழுங்கு.

இத்தகைய ஊரிலே குடியேற யாருக்குத்தான் ஆசை பிறவாது! ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த லோயிஸ் லௌறி என்னும் அம்மையார் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த கிவர்’ என்ற நவீனத்தின் முதற் சில அத்தியாயங்களைப் படிப்போர்க்கு இவ்வாசை எழுவது இயல்பே. ‘கொடுப்பவர்’ என்பது அத்தலைப்பின் பொருள். இருநூறு பக்கங்களுக்கும் குறைந்த சிறு நூல். பிள்ளைகளுக்கென எழுதப்பட்டது. ஆயினும், ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகி, அந்நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் பாடமாகவும் வைக்கப்பட்ட நூல் இது. 2014 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இது திரைப்படமாகவும் வெளிவந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுமென்ற எண்ணம் நமக்கு நெடுநாளாக உண்டு.

கதாநாயகன் ஜோனஸ் பன்னிரண்டு வயதை எட்டும் சிறுவன். அவனுடைய நண்பன் ஆஷர் என்பவனைப் பற்றி ஒரு சிறு சம்பவம் நூலில் வருகின்றது. மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, சிற்றுண்டி கேட்க வாயெடுத்த ஆஷர், ஓரெழுத்து மாறி, அடி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டான். கேட்டது அடியல்லவா? அடியே கொடுத்தார்கள். மறுநாளும் நா தவறிற்று, மறுநாளும் அடி. அவ்வூரிலே சொற்கள் துல்லியமாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நாளடைவில் அக்குழந்தை பேசுவதையே நிறுத்திவிட்டது. பின்பு வாய்திறந்தபோது பிழையின்றிப் பேசியதாம். இதனை ஊரார் கூடியிருக்கும் விழா மேடையில் ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொல்கின்றார் முதியோர் சபைத் தலைவி. சபையோர் சிரிக்கின்றனர். ஆசிரியை ஒரு சொல்லும் கூறாமல் அப்பாற் செல்கின்றார். வாசகரின் நெஞ்சிலே மட்டும் ஒரு முள் தங்கிவிடுகின்றது.

அதே விழாவில் ஜோனஸுக்கு வழங்கப்படுவது எவருக்கும் கிடையாத பதவி. ஊரின் பழைய நினைவுகள் அனைத்தையும் ஏற்றுச் சுமப்பவன் அவன். அவ்வூரார்க்குச் சரித்திரம் என்று ஒன்றில்லை. முன்னோர் ஒரு காலத்தில் ‘ஒருதன்மை’ என்பதைத் தேர்ந்து, மேடு பள்ளங்களை நிரவி, பனியையும் மழையையும் அடக்கி, நிறங்களையும் நீக்கி, கடந்தகால நினைவு முழுவதையும் ஒரே ஒரு மனிதரின் தலையில் ஏற்றிவிட்டனர். அவர் இப்போது கிழவர். நூல்கள் நிறைந்த ஓர் அறையில் தனியே வாழ்பவர். சிறுவனைக் குப்புறப் படுக்கச் செய்து, அவன் வெறும் முதுகிலே கையை வைத்து, நினைவுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கின்றார். முதலிற் பனிமலைச் சரிவில் சறுக்குவண்டியில் இறங்கும் இன்பம். பின்பு இளவெயிலின் சூடு. அதன்பின் வெயிற் சுட்ட வேதனை. முறிந்த கால், பட்டினி, யுத்தகளத்திலே தண்ணீர் கேட்டுக் கிடக்கும் ஒரு பாலகன்.

இவையெல்லாம் ஊருக்கு எதற்கு என்று கேட்கலாம். கிழவர் ஓர் உதாரணம் கூறுகின்றார். வேலையாட்கள் போதாமையால், பிள்ளை பெறும் பெண்கள் மும்முறைக்குப் பதிலாக நான்கு முறை பெற்றாலென்ன என்று ஊரார் ஒரு முறை மனுச் செய்தனர். முதியோர் சபை கிழவரிடம் யோசனை கேட்டது. அவர் நினைவிலே பஞ்சம் இருந்தது. வேண்டாம் என்றார். ஏன் என்று அவர்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. பட்டினியின் நோவை அவர் ஒருவரே சுமந்தார். அதன் பயனை ஊரார் அனுபவித்தனர். அறிவுரை வேண்டும், வேதனை வேண்டாம் என்பதே அவ்வூரின் கொள்கை. நூலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது என்பது நம் கருத்து.

இந்தக் கதை அம்மையாருக்கு எப்படித் தோன்றியது? 1994 ஆம் ஆண்டில், அமெரிக்க நூலகச் சங்கம் பிள்ளை இலக்கியத்துக்கு அளிக்கும் நியூபெரிப் பதக்கத்தை இந்நூலுக்காகப் பெற்றுக்கொண்டு நிகழ்த்திய உரையில் அவரே இதனை விளக்கியுள்ளார். அது அவர் பெற்ற இரண்டாவது நியூபெரிப் பதக்கம். 1937 இற் பிறந்த அவர், இராணுவப் பல் வைத்தியரின் மகள். யுத்தத்தின் பின் தந்தையார் யப்பானிலே கடமையாற்றிய காலத்தில், பதினொரு வயதுச் சிறுமியாகத் தோக்கியோ சென்றார். அங்கே அமெரிக்கக் குடும்பங்களுக்கென வேலியிட்ட ஒரு தனிக் குடியிருப்பு. உள்ளே அமெரிக்க வீடுகள், அமெரிக்கப் பாடசாலை, அமெரிக்கப் படமாளிகை. சிறுமியோ துவிச்சக்கரவண்டியில் ஏறி, ஒருவருக்குஞ் சொல்லாமல் வேலிக்கு வெளியே ஷிபுயா என்ற பகுதிக்குப் போய், கடைவீதியின் ஒளியையும் ஓசையையும் மணத்தையும் பருகி வருவாள். ஜோனஸ் ஏறிப் புறப்படும் வண்டிக்கு முன்னோடி எது என்பது இப்போது விளங்குகின்றதன்றோ?

தந்தையாரின் முதுமை மற்றொரு காரணம். நினைவு தேய்ந்துகொண்டிருந்த அவர், சுவரிலே தொங்கிய படத்தைப் பார்த்து, மூத்த மகளுக்கு என்ன நடந்தது என்று கேட்பாராம். அம்மகள் ஹெலன் இளவயதிலேயே புற்றுநோயால் இறந்தவர். இறந்துவிட்டார் என்று சொன்னால் தந்தை துயருறுவார். சிறிது நேரத்தில் அதனை மறந்து மீண்டுங் கேட்பார். துன்ப நினைவுகள் அழிந்துபோனால் மனிதனுக்கு எவ்வளவு நிம்மதி! ஆனால், ஹெலனை நினைந்து அழாத தந்தைக்கு ஹெலனும் இல்லாமற் போனாளே! இந்த இரு எண்ணங்களுக்கும் இடையிலே பிறந்ததுதான் ‘த கிவர்’.

நூலின் அட்டையிலே தாடியோடு காணப்படும் முதியவரின் கதையும் சொல்லத்தக்கது. அவர் கார்ல் நெல்சன் என்னும் ஓவியர். மேன் மாநிலக் கரைக்கப்பால் ஒரு தீவிலே தனியே வாழ்ந்தவர். அவரைப் பேட்டி காணச் சென்றபோது லௌறி அம்மையாரே பிடித்த புகைப்படம் அது. தம் கண்ணுக்குப் புலப்படாத நிறங்களெல்லாம் இவருக்குப் புலப்படுகின்றனவோ என்று அம்மையார் வியந்தாராம். பிற்காலத்தில் அந்த ஓவியர் பார்வையை இழந்தார்.

நிற்க. படத்துக்கு வருவோம். அதற்கும் அந்த அட்டையே வித்திட்டது. தம் பிள்ளைகளும் பார்க்கத்தக்க ஒரு படத்தைத் தயாரிக்க விரும்பிய நடிகர் ஜெப் பிரிட்ஜஸ், அட்டையிலுள்ள கிழவரைக் கண்டதும், ‘இந்த வேடத்துக்கு என் தந்தையே பொருத்தம்’ என்று எண்ணினார். தந்தை லொயிட் பிரிட்ஜஸும் பேர்பெற்ற நடிகர். உரிமையை வாங்கியாயிற்று, ஆனால் முதலிடுவோர் முன்வரவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனை நாயகனாக வைத்து, காதலும் சண்டையும் இல்லாமல் யார் படம் பார்ப்பார்கள் என்று தயங்கினர் போலும். வீட்டிலேயே தந்தையை நடிக்கவைத்து, ஒரு சிறு ஒளிப்பதிவுக் கருவியால் இக்கதையைப் பதிவு செய்தும் பார்த்தார் மகன். 1998 இல் தந்தை காலமானார். முயற்சி தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துப் படம் உருவாகியபோது, அந்தக் கிழவர் வேடத்தைத் தாமே தாங்க வேண்டியதாயிற்று. படத்திலே அவருடைய முகத்திற் காணும் களைப்பு முழுவதும் நடிப்பென்று நமக்குத் தோன்றவில்லை.

நெறியாளர் பிலிப் நொய்ஸ் அவுஸ்திரேலியர். தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுசெல்லப்பட்ட ஆதிவாசிச் சிறுமிகள் நெடுந்தூரம் நடந்து வீடுசேரும் கதையை 2002 இல் உருக்கமாகப் படமாக்கியவர். ஆகவே தகுந்த கையிலேதான் இந்நூல் சேர்ந்தது. படத்தின் பெரும்பகுதி தென்னாபிரிக்காவிற் பிடிக்கப்பட்டது. முதியோர் சபைத் தலைவியாக மெரில் ஸ்ட்ரீப் நடித்தார். நூலில் ஓரிரு முறையே தோன்றும் அப்பாத்திரம், படத்திலே கிழவரோடு எதிர்நின்று வாதாடும் அளவுக்கு வளர்க்கப்பட்டிருக்கின்றது. இம்மாற்றத்தை நாம் குறைகூறமாட்டோம். மனிதருக்குத் தெரிவுசெய்யும் உரிமையைக் கொடுத்தால் பிழையானதையே தெரிவுசெய்வர் என்ற அவளுடைய கட்சிக்கும் ஒரு நாவு வேண்டுமல்லவா?

குறைகூற வேண்டியவை வேறு. ஜோனஸ் படத்திலே சிறுவனல்லன். மீசை அரும்பும் இளைஞன். பியோனா என்ற தோழியோடு காதலும் முத்தமும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆஷர் விமானமோட்டியாகி நண்பனைத் துரத்துகின்றான். நூலிலே ஜோனஸ், கேப்ரியல் என்னும் குழந்தையைத் துவிச்சக்கரவண்டியின் பின்னே வைத்துக்கொண்டு, பகலில் ஒளிந்தும் இரவில் மிதித்தும் பல நாள் பசியோடு செல்கின்றான். தேடிவரும் விமானங்கள் உடற்சூட்டை உணர்பவை. எனவே பனியின் நினைவைக் குழந்தைக்குங் கொடுத்துத் தானும் நினைந்து, இருவர் உடலையுங் குளிரச் செய்து தப்புகின்றான். எத்துணை அழகிய கற்பனை! படத்திலோ மோட்டார்ச் சைக்கிளின் பாய்ச்சலே கண்ணை நிறைக்கின்றது. சுசான் கொலின்ஸ் என்பவர் 2008 இல் எழுதிய ‘த ஹங்கர் கேம்ஸ்’ நவீனம் 2012 இற் படமாகிப் பெரும் பணம் குவித்ததன் பின், இளைஞர் எழுச்சிப் படங்கள் வரிசையாக வந்த காலம் அது. வழிகாட்டியாக முன்பே பிறந்த மூத்த நூல், இளையவற்றைப் பார்த்து வேடம் புனைய நேர்ந்தது விசித்திரமே. ஏறக்குறைய இரண்டரைக் கோடி டொலர் செலவில் எடுத்த படம் ஆறரைக் கோடிக்குச் சற்று அதிகமாக ஈட்டியது. நட்டமென்று சொல்வதற்கில்லை; வெற்றியென்று ஒருவரும் கொண்டாடவுமில்லை.

படத்துக்கு இயற்கையிலேயே அமைந்த ஓர் இடர்ப்பாடும் உண்டு. நூலிலே அவ்வூரார் நிறமறியாதவர் என்பது பாதிக் கதைவரை வாசகருக்குத் தெரியாது. ஜோனஸ் எறிந்து விளையாடும் அப்பிளில் ஏதோ ஒரு மாற்றம் கணநேரம் தோன்றி மறைகின்றது. பின்பு பியோனாவின் கூந்தலிலும் அதுவே. என்ன மாற்றமென்று அவனாற் சொல்ல முடியவில்லை, ஏனெனில் சொல் இல்லை. அது சிவப்பு என்று கிழவர் கூறும்போதுதான், அதுவரை நாம் மனத்திலே வண்ணந் தீட்டிப் பார்த்த ஊர் முழுவதும் சாம்பல் நிறமாகின்றது. படமோ முதற்காட்சியிலேயே கறுப்பு வெள்ளையில் தொடங்க வேண்டியிருக்கின்றது. கண்ணுக்கு மறைப்பது எப்படி? ஆனாலும், நினைவு சேரச் சேர நிறங்கள் மெல்லக் கசிந்து வருவதை நொய்ஸ் காட்டியிருக்கும் வகை நயமானது.

பிள்ளைகள் கையில் இந்நூலைக் கொடுக்கலாமா என்ற கேள்வி அமெரிக்காவிலே பலமுறை எழுந்தது. 1990 ஆம் ஆண்டுகளில் பெற்றாரின் ஆட்சேபத்துக்கு மிகுதியாக உள்ளான நூல்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. காரணம் ‘விடுவித்தல்’ என்ற ஒரு சொல். முதியோரும், மும்முறை சட்டம் மீறியோரும், எடை குறைந்த குழந்தைகளும் அவ்வூரிலே விடுவிக்கப்படுகின்றனர். எங்கோ வேறிடத்துக்கு அனுப்புகிறார்கள் என்றே யாவரும் நம்புகின்றனர். ஜோனஸின் தந்தை சிசுக்களைப் பேணும் உத்தியோகத்தர். மிக மென்மையான மனிதர். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை அவர் விடுவிக்கும் காட்சியைக் கிழவர் ஜோனஸுக்குக் காட்டுகின்றார். தந்தை கொஞ்சு மொழி பேசிக்கொண்டே குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசியேற்றுகின்றார். அவர் கொடியவரல்லர், செய்வது இன்னதென்று உணரும் நினைவு அவரிடம் இல்லை, அவ்வளவே. முன்பு அப்பா, அம்மா இருவரிடமும் ‘என்னிடம் உங்களுக்கு அன்பு உண்டா’ என்று ஜோனஸ் கேட்டதும், அச்சொல் பொருளற்றது என்று அவர்கள் சிரித்ததும் அப்போது வாசகருக்கு நினைவு வரும்.

முடிவு எப்படி என்று சொல்லி வாசகரின் சுவையைக் கெடுக்க மாட்டோம். பனிமலைச் சரிவில் ஜோனஸும் குழந்தையும் இறங்கிச் செல்ல, கீழே ஒளி தெரிய, நூல் நின்றுவிடுகின்றது. பிழைத்தார்களா இறந்தார்களா என்று கேட்டுப் பிள்ளைகள் ஆசிரியைக்குக் கடிதம் எழுதிய வண்ணமிருந்தனர். 2000, 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தொடர் நூல்கள் விடையைச் சொல்லுகின்றன.

முதலில் நூலைப் படித்துப் பின்பே படத்தைப் பார்த்தல் நன்று. சிவப்பு என்ற அந்த ஒரு சொல்லுக்காகவேனும் இம்முறையே சரி. மேற்கூறிய குழந்தைக் காட்சி பத்தொன்பதாம் அத்தியாயத்தில் உள்ளது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனைப் படிக்கும் இரவுக்கு முன்பே பெற்றாரும் அதனைப் படித்து வைத்திருப்பார்களாக. மறுநாட் காலையிற் கேள்விகள் வரும்.